ஆக்சிஜன் வெச்ச ஆள்

"கண்ணப்பனுக்கு ஆக்சிஜன் வெச்சிருக்காங்களாம்."

பிள்ளைப்பாக்கத்தில் இந்தப் பேச்சு கிளம்பினால் போதும், ஜனம் மணி எண்ண ஆரம்பித்துவிடும். கொரோனா சொல்லிக்கொடுத்த பாடம்.

இளங்கோவன் ஷிப்ட்டைப் பாதியில் விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கண்ணப்பனும் அவனும் கம்பெனியில் பதினோரு வருஷம் ஒரே லைனில் நின்றவர்கள்.

அங்கே பார்த்தால் ஆள் படுக்கையிலேயே இல்லை. வேன் மாதிரி ஓர் இரும்பு அறை. வட்டக் கண்ணாடிக்குள்ளே மாஸ்க்கோடு கண்ணப்பன் முகம்.

"இன்னாம்மா இது? சாவப்போற மனுசன இரும்புப் பொட்டியில போட்டுப் பூட்டி வெச்சிகீறீங்க. மனசாட்சி வாணாம்? எத்தினி மணி வரிக்கும் தாங்கும், அத்த சொல்லு."

நர்ஸ் ஷாரோன் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலேகாலுக்கு வந்துடுவாரு சார்."

"வந்துடுவாரா?"

"நடந்து. சர்க்கரைப் புண்ணு சார் அவருக்கு. கால எடுக்கணும்னாங்க. முன்னல்லாம் கடல்ல முங்கி வேல செய்யறவங்களுக்குப் பார்த்த வைத்தியம் இது. உள்ள அழுத்தத்த ஏத்தி சுத்தமான ஆக்சிஜன் குடுத்தா, ஆறாத புண்ணும் ஆறுதுன்னு இப்ப இதுக்கும் பண்றோம். இன்னியோட இருபத்தெட்டு நாள். கால் தப்பிச்சிது."

இருபத்தெட்டு நாளில் ஒரு நாள்கூட இளங்கோவன் எட்டிப் பார்த்ததில்லை.

கதவு திறந்தது. கண்ணப்பன் காதைத் தேய்த்துக்கொண்டே தாங்கித் தாங்கி வந்தார்.

"பாத்தியா ஷாரோனு, நான் சொல்லல? எனக்கு ஒண்ணுன்னா இவன் வேலைய உட்டுட்டு ஓடியாருவான். கண்ணாடியில பாத்துக்கினுதான் இருந்தேன். எனக்காவ இன்னா சண்ட போடறான்."

இளங்கோவன் தரையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கரில் விழுந்தது.

"அண்ணே, பிளெக்ஸ் கடை சக்திகுமாரு. கண்ணப்பன் படத்துக்கு மாலை போட்டாச்சு. ஒன் படம் நீ சொன்ன மாதிரியே பெருசா வெச்சிட்டேன். மறைந்த நேரம் மட்டும் கேட்டுச் சொல்லு. மத்தவன் பேனருக்கு முன்ன நம்மளுது நிக்கணும்னியே."

கண்ணப்பன் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"தம்பி, நான் கண்ணப்பன்தான் பேசறேன். 'கண்ணீர் அஞ்சலி'ய எடுத்துட்டு 'வருக வருக'ன்னு போடு. இவன் படம் பெருசாவே இருக்கட்டும். என்னைப் பாக்க வந்தது இவன் ஒருத்தன்தான்."