பெரிய ஆபரேஷன்

மயக்கம் தெளிந்ததும் பெரியவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கட்டு எதுவும் இல்லை.

"எப்பம்மா ஆரம்பிப்பாங்க?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "எல்லாம் முடிஞ்சாச்சு ஐயா! வாய் வழியா குழாயை விட்டு, பித்தக் குழாயில அடைச்சிருந்த கல்லை எடுத்துட்டாங்க. முக்கால் மணி நேரந்தான். நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"இவ்வளவுதானா?" பெரியவரின் முகம் சுண்டிப்போயிற்று.

"வெளியூர்லேருந்து உங்க பொண்ணு வந்துட்டாங்க. கூப்பிடட்டுமா?"

"இரும்மா. ரொம்பப் பெரிய ஆபரேஷன், அப்பா பிழைச்சதே அதிசயம்னு அவகிட்ட சொல்லணும்."

இந்த வயதில் மகளைப் பயமுறுத்தி அனுதாபம் தேடுகிறாரே என்று நர்ஸுக்கு எரிச்சல் வந்தது. "பாவம், அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. எதுக்கு இந்த வேலை?"

"போன வருஷம் அவ அம்மாவுக்கும் இதே கல்லுதாம்மா. ஆபரேஷன்னு காதுல விழுந்ததுமே, 'அம்மா உடம்பு தாங்காது'ன்னு அடம்பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது இவதான். பத்தே நாள்ல சீழ் பிடிச்சுப் போய்ச் சேர்ந்துட்டா. இவ்வளவு சுலபம்னு தெரிஞ்சா எம்பொண்ணு உடைஞ்சு போயிடுவா."

நர்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"அப்பா எப்படியிருக்கார் சிஸ்டர்?"

"பிழைச்சுட்டார்மா. ரொம்பப் பெரிய ஆபரேஷன்."

மகள் சுவரோடு சாய்ந்துகொண்டாள். "எங்கம்மாவுக்கும் இதேதான். அவங்க தாங்கியிருப்பாங்களா சிஸ்டர்?"

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாங்கியிருக்க மாட்டாங்கம்மா."