பெண் பார்க்கும் ஞாயிறு

"மறுபடியுமா?"

பஞ்சவர்ணத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்த சுமதியைப் பார்த்ததும் நர்ஸ் பூவிழிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மனநல வார்டில் பஞ்சவர்ணத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. தேறி வீட்டுக்குப் போவாள். மறுபடி வந்து நிற்பாள்.

"மாத்திரை குடுத்தீங்களா, இல்லையா?"

"வேளை தவறாம குடுத்தேன் சிஸ்டர். அண்ணிக்கு ஏன் இப்படி ஆச்சுன்னே தெரியல."

"வூட்டுல என்ன விசேஷம்?"

சுமதி தயங்கினாள். "எம் பொண்ணு, சின்னவ முத்தமிழ ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. பெரம்பலூர் மாப்பிள்ளை."

"அதானே பாத்தேன்! பெரியவளப் பாக்க வந்தப்பவும் இப்படித்தான் கொண்டாந்து விட்டீங்க. வேண்டாத சாமானை ஏத்தி வைக்க இது என்ன உங்க வூட்டுப் பரணா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. சுமதி தன் புருஷனின் அக்காளைக் கட்டிலில் உட்கார வைத்துத் தலையை வாரிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே உடையார்பாளையம் பஸ்ஸுக்குப் போனாள்.

நறுக்கென்று கேட்டுவிட்டோம் என்று பூவிழிக்குப் பரம திருப்தி.

அடுத்த வாரம் பஞ்சவர்ணத்துக்குக் கொஞ்சம் தெளிந்தது.

"சுமதியத் திட்டாத தாயி. அவ குடுக்குற மாத்திரைய நாந்தான் நாக்குக்கு அடியில ஒளிச்சு, கொல்லையில துப்பிடுவேன்."

"ஏங்க்கா?"

"பெரியவளப் பாக்க முதல்ல வந்தவங்க என்னயப் பாத்துட்டு எழுந்து போயிட்டாங்க. அடுத்தவங்க வந்தப்ப நான் இங்க கெடந்தேன். முடிஞ்சிருச்சு. சின்னவளுக்கும் முடியணும்ல? ஒதுங்கி இருக்கேன்னா விட மாட்டாளுவ. அத்தை பக்கத்துல இல்லாம பொட்டு வெச்சுக்க மாட்டேங்குது அந்தப் புள்ள."

"அதுக்காக இவ்வளவு அவஸ்தையா?"

"அது கெடக்கு. இந்நேரம் பேசி முடிச்சிருப்பாங்கல்ல?"

சாயங்காலம் சுமதி தலை தெரிந்ததுமே பூவிழி வராண்டாவுக்கு ஓடினாள்.

"என்னய மன்னிச்சிடுங்கக்கா. பொண்ணு பாத்தது என்ன ஆச்சு?"

"வேணாம்னு போயிட்டாங்க சிஸ்டர்."

"பஞ்சவர்ணக்காவப் பத்தித் தெரிஞ்சுடுச்சா?"

"மறைக்காம சொல்லித்தான் வரச் சொன்னோம். மாப்பிள்ளையோட தம்பியும் இதே மாத்திரைதான் சாப்புடுறாராம்." சுமதியின் குரல் உடைந்தது. "அண்ணிய இங்க விட்டிருக்கோம்னதும் மாப்பிள்ளையோட அம்மா எழுந்துட்டாங்க. நாலு பேரு வர்றாங்கன்னு கூடப்பொறந்தவள ஆஸ்பத்திரியில ஒளிச்சு வைக்கிற வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு, நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டுப் போயிட்டாங்க."