ஜெசிந்தாவின் மணிக்கட்டு

ரூட் கெனால் செய்யும் மருத்துவர் நோயாளியின் வலியைத் தானும் உணர வேண்டும் என்பது சட்டம். அதற்காக வலியைக் கடத்தும் பட்டையை டாக்டர் கனகசபை ஒருநாளும் தன் கையில் கட்டியதில்லை. உதவியாளர் ஜெசிந்தாவின் மணிக்கட்டில்தான் கட்டுவார். அவள் முகம் சுளித்தால், "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, ஒனக்கா பல்லு சொத்தை?" என்றபடி கருவியை இன்னும் ஆழமாக விடுவார். ஒரு சொத்தைகூட இல்லாத ஜெசிந்தா வீட்டில் ஆறிய கஞ்சியைத்தான் குடித்துவந்தாள்.

இன்று அதே நாற்காலியில் கனகசபை படுத்திருந்தார். கடைவாய்ப் பல்லில் சீழ். வாயை ரப்பர் விரிப்பு மூடியிருந்ததால் பேச முடியாது. புதிதாகச் சேர்ந்த டாக்டர் நிலோபர் மரத்துப்போக ஊசி போட்டாள். அந்தக் கிளினிக்கின் வழக்கப்படி பட்டையை ஜெசிந்தாவுக்குக் கட்டிவிட்டு, பல்லை லேசாகத் தட்டிப் பார்த்தாள்.

ஜெசிந்தாவின் தாடையிலிருந்து காதுவரை தீ ஏறியது.

"மரத்துருச்சாக்கா?"

"நல்லா மரத்துருச்சு டாக்டர், ஆரம்பிங்க." அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

துளைக்கும் கருவி இரைந்தது. கனகசபை கையைத் தூக்கப் பார்த்தார். ஜெசிந்தா அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார். எனக்கும் வலிக்கத்தான் செய்யுது."