சும்மா மினுக்கின வைஃபை

"பயந்துபோய் நீயே கட் பண்ணிட்டு, நெட்டு மேல பழி போடுறியா?"

"சத்தியமா நெட்டுதான்ப்பா போச்சு! பாதி இன்டர்வியூல!"

பக்கத்து வீட்டுல அப்பாவுக்கும் பொண்ணுக்கும் சண்டை. மொட்டை மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்த என்னை அவர் பாத்துட்டாரு.

"சார், நீங்களே சொல்லுங்க. காலையில உங்க வீட்டுல நெட்டு போச்சா?"

"இல்லையே சார், நல்லாத்தான் இருந்துச்சு."

உள்ளதைத்தான் சொன்னேன்.

"கேட்டியா? வேலை கீலைன்னு இனிமே வாயைத் திறக்காதே. நாளையிலருந்து நம்ம கடையில வந்து உக்காரு!"

அந்தப் பொண்ணு என்னையே பாத்துச்சு. ஒரு வார்த்தை பேசல.

கீழ வந்து வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு.

"காலையில வைஃபை பெட்டியை நீங்க அணைச்சீங்களா?"

"ஆமா. நீ குளிக்கப் போயிட்ட, நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். யாருமே தொடாம லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுது. கரண்டு என்ன சும்மாவா வருது?"

"ஐயோ! அவங்க நெட்டு இழுக்குதுன்னு, இன்டர்வியூக்கு நம்ம பாஸ்வேர்டை நான்தாங்க குடுத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சா கத்துவீங்க, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சத்தியம் வேற வாங்கினேன்."

இவளைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான் அந்தப் புள்ள வாயை மூடிக்கிட்டு நின்னுருக்கு. நான் எதிர்சாட்சி சொல்லிட்டு வந்திருக்கேன்.

இப்ப அவங்க வாசல்ல நிக்கிறேன். உள்ள இன்னும் திட்டு ஓயல. பெல்லை அமுக்கக் கை வரல. அவர் கதவைத் திறந்ததும் முதல்ல என்னன்னு ஆரம்பிக்கிறது? தெரிஞ்சவங்க யாராவது கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்களேன்.