முதுகு காட்டிய பூனை

தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கம்பிவலைக் கூண்டில் விட்டு, கிழட்டுப் பூனைக்கு வயிறு நிறைய மீன்சோறு போட்டு, அதைத் தினமும் கூண்டின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள் வீட்டுக்காரர்கள். பழகட்டும் என்பது அவர்கள் எண்ணம். பூனை குஞ்சுகளுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தது.

"திரும்பிக்கூடப் பார்க்கல. சாதுவாயிடுச்சு" என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

"ஏன் மாமா எங்களைப் பார்க்கவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டது ஒரு குஞ்சு.

"பார்த்தா நகம் தானா வெளிய வருதுடா."

"பசிக்குதா?"

"இல்ல. பசிச்சாலாவது ஒரு நியாயம் இருக்கும். இத்தனை வயசாகியும் இது விடமாட்டேங்குது."

"பெரிய சாமியாரு, பேச வந்துட்டாரு!" என்று தாய்க்கோழி சீறியது. "டேய், வலைப்பக்கம் போகாதே."

"அம்மா சொல்றதைக் கேளு" என்றது பூனை. சுவரையே பார்த்துப் பார்த்து அதன் கழுத்து வலித்தது.

ஒருநாள் காலையில் வீட்டுக்காரர்கள் கூண்டைத் திறந்து விட்டுவிட்டு, நம்பிக்கையோடு உள்ளே போய்விட்டார்கள். குஞ்சுகள் தோட்டமெங்கும் ஓடின. அந்தக் குஞ்சு மட்டும் நேராகப் பூனையின் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது.

"மாமா, இப்பப் பாருங்க!"

பூனை பார்த்தது. வால் நுனி துடித்தது. பின்னங்கால்கள் பாய்வதற்கு மடங்கின. தாய்க்கோழி அலறிக்கொண்டு ஓடி வந்தது.

பூனை மெல்ல எழுந்தது. குஞ்சைச் சுற்றிக்கொண்டு நடந்து, காலியான கூண்டுக்குள் போய்ப் படுத்தது.

"ஏம்மா, அந்தக் கதவைக் கொஞ்சம் தள்ளிச் சாத்து" என்றது கோழியிடம். "கொக்கி விழற வரைக்கும் தள்ளு."