தோளில் ஒரு கை

பிஷ்கெக் பல்கலைக்கழகத்தின் நீண்ட தாழ்வாரத்தில், பணியாளர் பிரிவு எழுத்தர் இந்த ஆண்டின் சிறந்த ஆசிரியர் படத்தைக் கௌரவப் பலகையில் பொருத்திக்கொண்டிருக்கிறார். சேர்ந்து நான்கே ஆண்டான ஐசிரெக்கின் படம். அதே துறையில் பத்தொன்பது ஆண்டாக இருக்கும் புருல்ச்சா, இந்த முறையும் அந்த விருதுக்கு இரண்டு புள்ளி குறைந்துபோனவள், விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்தபடி பார்த்து நிற்கிறாள். சன்னல் வழியே வரும் பனிவெளிச்சம் படத்தின் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. துறைச் சுற்றுலாவில் எடுத்த படம் அது. பக்கத்தில் நின்றவளை வெட்டிவிட்டார்கள். ஆனால் ஐசிரெக்கின் தோளில் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, பவள மோதிரத்தோடு. "அந்தக் கையை யாரு கவனிக்கப் போறாங்க?" என்கிறார் எழுத்தர், திருகாணியை முறுக்கிக்கொண்டே. "உங்களுக்கும் ஒருநாள் வரும், எஜே," என்று கிர்கிஸ் வழக்கப்படி அக்கா முறை வைத்துச் சொல்கிறார். "வரும் வரும். ஓய்வு பெறுற அன்னைக்குப் பூங்கொத்தோட சேர்ந்து வரும்." அவர் சிரிக்கிறார். புருல்ச்சா சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஓடிவந்த ஐசிரெக், ஈரக் கம்பளிக் கோட்டோடு அவள் முழங்கையைக் கட்டிக்கொள்கிறாள். "எஜே, படத்துல நான் குண்டாத் தெரியுறேனா?" "இல்லடி. அழகாத்தான் இருக்கே." சொல்லிவிட்டு, பவள மோதிரம் போட்ட கையைப் புருல்ச்சா விடைத்தாள்களுக்கு அடியில் மெல்ல நுழைத்துக்கொள்கிறாள்.