கன்னத்துச் சிவப்பு

புது வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியதும் ஓவியரின் மகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா?" என்றார் பக்கத்தில் நின்ற காட்சிக்கூட அதிகாரி, குரலைத் தணித்து.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுவரில் 'உறங்கும் குழந்தை' மாட்டியிருந்தது. அப்பாவுக்குப் பேர் வாங்கித் தந்தது அந்த ஒரு படம்தான். மற்றதெல்லாம் பரணில் கிடந்து கறையானுக்குப் போயிற்று.

கீழே ஒட்டப்போகும் தகவல் அட்டையை அதிகாரி அவளிடம் நீட்டினார்.

'ஓவியர் இதை ஒரே மூச்சில், ஆறு மணி நேரத்தில் வரைந்து முடித்தார். அதுவரை அவருடைய மூன்று வயது மகன் ஒருமுறைகூடப் புரண்டு படுக்கவில்லை. கன்னத்தின் சிவப்புக்கு எந்தெந்த வண்ணங்களைக் கலந்தார் என்பது இன்றுவரை புதிர்.'

புரண்டு படுக்கத் தம்பிக்குத் தெம்பு ஏது?

அன்று அவளுக்கு ஒன்பது வயது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். தம்பியின் உடம்பு அனலாகக் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி போடப் போனவளை, நிறம் போய்விடும் என்று அப்பா அதட்டினார். டாக்டரைக் கூட்டி வரட்டுமா என்று நான்கு தடவை கேட்டாள். வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுகிறேன் என்று நான்கு தடவையும் சொன்னார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி ஒருமுறை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். அசையாதே என்றார்.

அந்த ஆளை இத்தனை வருஷம் அப்பா என்று கூப்பிட்ட நாக்கு அவளுக்குக் கசந்தது.

"இன்னும் ரெண்டு வரிக்கு இடம் இருக்கும்மா. யாருக்கும் தெரியாத விஷயம் ஏதாவது சொல்லுங்க, ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

கைக்குட்டையை இறக்கினாள். "படத்துல இருக்கற கையெழுத்து அன்னிக்குப் போட்டது இல்ல. மறுநாள் சாயங்காலம் போட்டார்."

அதிகாரி முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார். "ஏம்மா, காயட்டும்னா?"

"இல்ல. தம்பியப் புதைச்சிட்டு வந்து போட்டார். கையில இருந்த மண்ணக்கூடக் கழுவல. கிட்டப் போய்ப் பாருங்க, ஒட்டியிருக்கும்."